கதவு மூடிய சகோதரத்துவம்



மறைந்த தோழரைப் பற்றி அவரோடு நெருங்கிப் பழகியவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். அதனால் அவர் ஓயாமல் கேட்டுவந்த ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளைப் பெரிய கல்லூரியில் சேர்ப்பதற்காக எவ்வளவோ போராடுகிறோம். சேர்ந்த பிறகு அங்கே அவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாருடைய அறைக்குப் போய்ப் பாடம் கேட்கிறார்கள், வேலை தேடும்போது யாருக்குப் போன் செய்கிறார்கள்? இட ஒதுக்கீட்டால் வாசல்வரை போய்விடலாம். வாசலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்வருவோம். நம் நாட்டில் மறைவாக நடப்பது அங்கே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நடக்கிறது. பலகை இருந்தால் படிப்பது சுலபம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஃபிரட்டர்னிட்டி' என்று ஆண்களுக்கும் 'சொரோரிட்டி' என்று பெண்களுக்கும் கழகங்கள் உண்டு. நேர்ப்பொருள் சகோதரர் கழகம், சகோதரியர் கழகம். இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்வார்கள். கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த முதல் கழகமான ஃபை பீட்டா கப்பா 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. அது பிறகு கல்வித் தகுதிக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. அதைப் பார்த்து வந்தவை வேறு வழியில் வளர்ந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்ற ரகசியக் கழகம் 1832-இல் தொடங்கியது. 2004-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் எதிரெதிராக நின்ற ஜார்ஜ் புஷ், ஜான் கெர்ரி இருவரும் அதன் உறுப்பினர்கள். மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அந்தக் கழகத்துக்காரர்தான் ஜெயிப்பார் என்ற நிலைமை!

இவை வேலை செய்யும் விதம் எளிமையானது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஒவ்வொரு கழகத்தின் வீட்டுக்கும் போய்த் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும். பழைய உறுப்பினர்கள் கூடிப் பேசி 'இவன் நம்ம ஆளா' என்று முடிவெடுப்பார்கள். அப்பாவோ அண்ணனோ அதே கழகத்தில் இருந்தவர் என்றால் முன்னுரிமை. சில சொரோரிட்டிகளில் பழைய மாணவிகளின் சிபாரிசுக் கடிதமும் வேண்டியிருந்தது. தேர்வான பிறகு ஒரு சோதனைக் காலம், பிறகு சடங்கு, பிறகு ஒரே வீட்டில் வாசம். நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்தாலும் உறவு முடியாது. வங்கியில், வக்கீல் அலுவலகத்தில், அரசியல் கட்சியில் முன்னால் போனவர் பின்னால் வருபவரைக் கைதூக்கி விடுவார். இதற்கெல்லாம் மதிப்பெண் கணக்கு கிடையாது. ஆனால் இதில் கிடைப்பது பிறகு 'தகுதி' என்ற பெயரில் வெளியே வரும்.

'நம்ம ஆள்' என்பதற்கு அங்கே என்ன பொருள்? பல கழகங்களின் சட்டதிட்டங்களிலேயே வெள்ளையர் மட்டும், கிறித்தவர் மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். 1948-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை கப்பா சை கழகத்தின் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் அந்தக் கிளையையே விலக்கி வைத்தது. ஊரில் நடப்பதை அறிந்த நமக்கு இது புரியும். சேரிக்காரரோடு உறவு வைத்தவரையும் சேர்த்துத் தள்ளி வைப்பதுதானே சாதியின் காவல்முறை?

பின்னாளில் அந்த விதிகளை எழுத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நடைமுறையிலிருந்து எடுத்தார்களா? அலபாமா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1963 ஜூன் 11 அன்று இரண்டு கறுப்பின மாணவர்கள் அங்கே சேர வந்தபோது, மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் தானே வந்து கதவை மறித்து நின்றார். மத்திய அரசு படையைக் கொண்டுவந்து அவரை விலக்கியது. உலகமே அந்தப் புகைப்படத்தைப் பார்த்தது. அதோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் ஒயிட்' ஒரு செய்தி வெளியிட்டது. வெள்ளையரின் பாரம்பரிய சொரோரிட்டிகளில், உள்ளே இருந்த மாணவிகள் சிலர் சேர்த்துக்கொள்ள விரும்பியும், கறுப்பின மாணவியர் தடுக்கப்படுகிறார்கள் என்றது அந்தச் செய்தி. தடுத்தவர்களில் முக்கியமானவர்கள் யார்? படிப்பை முடித்து, திருமணமாகி, ஊரில் செல்வாக்கோடு இருந்த பழைய மாணவிகள். பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்கப் படை வந்தது. கழகத்தின் கதவுக்கு எந்தப் படை வரும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கிரேக்க எழுத்து தேவைப்படவில்லை. சிபாரிசுக் கடிதமும், சோதனைக் காலமும், சேர்க்கைச் சடங்கும் பிறப்பிலேயே முடிந்துவிடுகின்றன. உயர்கல்வி நிறுவனங்களுக்குள் சாதி என்பது பதிவு செய்யாத ஃபிரட்டர்னிட்டி. உறுப்பினர் பட்டியல் கிடையாது என்பதால் அதன்மேல் வழக்குப் போடவும் முடியாது.

அதன் முதல் கூடம் சாப்பாட்டு அறை. தமிழ்நாட்டில் இந்தச் சண்டைக்கு நூறு வயதாகிறது. வ.வே.சு. அய்யர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. அது பெரும் கிளர்ச்சியானதும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேற அதுவும் ஒரு காரணமானதும் உங்களுக்குத் தெரியும். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு மெஸ்ஸில் சைவம் சாப்பிடுவோருக்குத் தனி வாசல், கைகழுவத் தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் அதைப் படமெடுத்து வெளியிட்டதும் எடுத்துவிட்டார்கள். 2023-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவத்துக்கென்று மேசைகளை ஒதுக்கினார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்டு எதிர்ப்புத் தெரிவித்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சைவம் சாப்பிடுவது அவரவர் விருப்பம், அதில் நமக்குச் சண்டை இல்லை. அடுத்தவர் தட்டு தன் மேசையில் பட்டால் தீட்டு என்பது விருப்பம் ஆகாது.

இரண்டாவது கூடம் விடுதி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி விசாரிக்கப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2007-இல் வந்த அதன் அறிக்கையைச் செயல்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அறைக்கதவில் வசை எழுதியும் தொல்லை கொடுத்தும் நம் மாணவர்களைக் குறிப்பிட்ட சில தளங்களுக்குத் துரத்தியிருக்கிறார்கள். துரத்தப்பட்டவர்கள் பாதுகாப்புக்காக ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். மெஸ்ஸிலும் விளையாட்டிலும்கூடப் பிரிவினை. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரி என்கிறோமே, அதன் விடுதிக்குள் ஊரும் சேரியும் தனித்தனியாக உருவாகிவிட்டன. யாரும் அதற்கு உத்தரவு போடவில்லை.

மூன்றாவது, ஒரு கேள்வி. 'உன் ரேங்க் என்ன?' நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம் என்று கேட்பது வெறும் விசாரிப்புப் போலத் தோன்றும். அதில்தான் சாதி தெரிந்துவிடும். தெரிந்த நாளிலிருந்து பேச்சு குறையும், சேர்ந்து செய்யும் பிராஜெக்டில் இடம் கிடைக்காது. மும்பை ஐ.ஐ.டி. நிர்வாகமே 2023 ஜூலையில், சக மாணவரிடம் ரேங்க் கேட்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அங்கே முதலாமாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்து, நாடெங்கும் கேள்விகள் எழுந்த பிறகு வந்த வழிகாட்டுதல் அது.

நான்காவது கூடம் கல்லூரியைவிட்டு வெளியே, பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஐ.ஐ.டி. பழைய மாணவர்கள் 2003 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் பொன்விழாக் கூட்டம் நடத்தினார்கள். பில் கேட்ஸ் வந்து பேசினார். ஐ.ஐ.டி. என்ற மூன்றெழுத்து உலகச் சந்தையில் முத்திரையானது அந்தக் காலத்தில்தான். சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்த மானிடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட நூலில், தலைமுறை தலைமுறையாக வந்த சாதி வசதி எப்படித் தனி மனிதத் தகுதியாக உருமாறுகிறது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த முத்திரைக்குள்ளும் சாதி தொடர்கிறதா? 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை, அங்கே படித்த மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார், பிறகு அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. தனிநபர்கள் மீதான வழக்கை அந்தத் துறையே 2023 ஏப்ரலில் விலக்கிக்கொண்டது. அதனால் யார் குற்றவாளி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வழக்கு வந்த பிறகு அமெரிக்காவில் பலர் வாய் திறந்தார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. பிராண்டைஸ், கலிஃபோர்னியா ஸ்டேட், பிரவுன் ஆகிய பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தன. கலிஃபோர்னியா சட்டமன்றமும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆனால் 2023 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

கதவு மூடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? இதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம். 1905 வாக்கில் அங்கே கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முந்தைய ஆண்டில் சேர்ந்திருந்த ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. மீதமிருந்தவர்கள் பயந்தார்கள். தனித்தனியாக இருந்தால் நாமும் காணாமல் போய்விடுவோம் என்று சேர்ந்து படிக்க ஒரு வட்டம் தொடங்கினார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒருவர் அறையில் கூடுவது, பாடத்தையும் புத்தகத்தையும் பேசுவது, ஒருவரை ஒருவர் விசாரிப்பது. அந்த வட்டம்தான் 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேரின் முயற்சியில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கழகமாயிற்று. பிற்காலத்தில் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷல் அதில் உறுப்பினர். மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1952-இல் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்தபோது பாடகர் குழுவில்கூட இடம் மறுக்கப்பட்ட டு பாய்ஸுக்கும் அந்தக் கழகம் கௌரவ உறுப்பினர் இடம் கொடுத்தது. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டு பாய்ஸ்தான்.

பெண்கள் பின்தங்கவில்லை. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913-இல் டெல்டா சிக்மா தீட்டா என்று கறுப்பின மாணவிகள் கழகம் கண்டார்கள். டெல்டா மாணவிகள் செய்த முதல் பொதுக் காரியம் 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தது. வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய அந்தப் பேரணியில் கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்ற பேச்சு இருந்தபோதும் போனார்கள்.

ஒரு கிளைக்கதை. தமிழ்ப் பத்திரிகைகள் கமலா ஹாரிஸின் மன்னார்குடிப் பக்கத்துப் பூர்வீக ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் உறுப்பினர். அவருடைய தாய் சியாமளா பார்ப்பனக் குடும்பத்திலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். 1960-களின் தொடக்கத்தில் கறுப்பின மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் இணைந்தார். அந்த வட்டம் அவரை உள்ளே விட்டது. அதே காலத்தில் இங்கே இருந்திருந்தால் ஒரு சேரி மாணவர் வட்டத்துக்கு அவர் வந்திருப்பாரா என்ற கேள்வியை எந்தப் பத்திரிகையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நம்முடைய வரலாறு இதற்குக் குறைந்ததல்ல. அண்ணல் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அறையில் கூட இருந்த நவல் பத்தேனா என்ற பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார். 1920-இல் படிப்பை முடிக்க லண்டன் திரும்பியபோது கடன் கொடுத்து உதவியவர்களில் அவரும் ஒருவர். இடையில் 1917-இல் பரோடாவில் அண்ணலைத் தடியோடு வந்து சத்திரத்திலிருந்து வெளியேற்றிய கூட்டமும் பார்சிகள்தான். 1918-இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான பிறகு, பொதுவான குடிநீர்ப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். கொலம்பியாப் பட்டம் பானையைத் தொடும் உரிமையை வாங்கித் தரவில்லை. அதனால்தான் அவர் கல்லூரி கட்டினார், விடுதி கட்டினார். மக்கள் கல்விக் கழகம் 1945-இல், மும்பை சித்தார்த்தா கல்லூரி 1946-இல், அவுரங்காபாத் மிலிந்த் கல்லூரி 1950-இல்.

அந்த இடங்களிலிருந்து என்ன வந்தது பாருங்கள். மிலிந்த் வட்டாரத்திலிருந்து கங்காதர் பந்தாவனே நடத்திய 'அஸ்மிதாதர்ஷ்' வந்தது, மராட்டித் தலித் இலக்கியத்தின் நாற்றங்கால். மும்பை வடாலாவில் உள்ள சித்தார்த்தா விஹார் விடுதியில் இளைஞர்கள் இரவெல்லாம் கவிதையும் அரசியலும் பேசினார்கள். 1972-இல் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் அறிவித்த தலித் பேந்தர் இயக்கம் அந்த விடுதிச் சூழலில்தான் வளர்ந்தது. இலக்கிய மன்றம் ஒன்றில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு கட்டில், ஒரு விளக்கு, நான்கு நண்பர்கள். தலித் இலக்கியம் இந்தியாவில் இப்படித்தான் தொடங்கியது.

விழுப்புரம் மாவட்டம் 1993 வரை தென்னாற்காட்டின் பகுதி. அந்தத் தென்னாற்காட்டின் சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் வைத்தார். நந்தன் கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்கினான் என்று சொல்லப்பட்ட அதே ஊரில், அவன் பேரில் பள்ளிக்கூடம்! ஊர் ஊராகப் போய் நெல்லும் காசும் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அதே மண்ணில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள், பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை மாணவனாக இருந்தபோதே உடைத்தவர். அந்தப் பானைதான் சிடன்ஹாமில் இருந்தது, அதுதான் இன்று ஐ.ஐ.டி. மெஸ்ஸில் மேசையாக வந்து நிற்கிறது. சென்னைக்குப் படிக்கப் போன நம் முந்தைய தலைமுறைக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சோறும் படுக்கையும் மட்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது சமீபத்துக்கு வருகிறேன். 2014 ஏப்ரல் 14 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கப்பட்டது. சில மாணவர்கள், துண்டறிக்கை, கலந்துரையாடல். பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னதாக மாணவர்கள் பின்னர் கூறினார்கள். அந்த வளாகத்தில் விவேகானந்தர் பேரில் ஒரு வாசகர் வட்டம் முன்பிருந்தே இயங்குகிறது, அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை. யாரோ பெயர் போடாமல் எழுதிய புகார்க் கடிதத்தை மத்திய மனிதவள அமைச்சகம் ஐ.ஐ.டி.க்கு அனுப்ப, 2015 மே 22 அன்று வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. தமிழ்நாடெங்கும், பிறகு நாடெங்கும் போராட்டம். பதினாறே நாளில், ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பதிவு செய்யாத ஃபிரட்டர்னிட்டிக்கு யாரும் அங்கீகாரம் கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை. அது மெஸ்ஸிலும் பேராசிரியர் அறையிலும் பழைய மாணவர் விருந்திலும் தானாக நடக்கிறது. நாம் நான்கு பேர் சேர்ந்தால் மட்டும் அது 'பிரிவினை' ஆகிவிடுகிறது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடியது. அம்பேத்கர் மாணவர் சங்கம் அங்கே 1993-இல் உருவானது. மெஸ் தொடர்பான தகராறில் 2002-இல் பத்து தலித் மாணவர்களை ஒரேயடியாக வெளியேற்றிய நிர்வாகம் அது. 2015-இல் ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்களைத் தண்டித்தார்கள். அந்தத் தண்டனையைப் படித்துப் பாருங்கள்: விடுதிக்குள் வரக்கூடாது, நிர்வாகக் கட்டடத்துக்குப் போகக்கூடாது, பொது இடங்களில் கூட்டமாக இருக்கக்கூடாது. வகுப்புக்குப் போகலாம், மனிதர்களோடு இருக்கக்கூடாது. நம் ஊர்களில் இதற்கு ஊர்விலக்கு என்று பெயர். அந்த ஐவரும் வளாகத்தின் நடுவில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அதற்குச் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா நம்மைவிட்டுப் போனார்.

வாசகர் வட்டத்தைப் பொழுதுபோக்கு என்று நினைக்கும் பெற்றோரும் இங்கே இருப்பீர்கள். 'படிக்கப் போன இடத்தில் சங்கம் எதற்கு' என்று கேட்பீர்கள். கார்னெலில் திரும்பி வராத அந்த ஆறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பை முடிப்பதற்கே அந்த வட்டம் தேவைப்பட்டது.

ஆனாலும் கழகம் என்று வந்தால் அதன் நோய்களும் கூடவே வரும். கறுப்பின சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1950-களிலேயே, கறுப்பின நடுத்தர வர்க்கம் தன் கழகங்களுக்குள் பதவிசும் விருந்துமாகச் சுருங்கிவிட்டது என்று கடுமையாக எழுதினார். தன் இனத்துக்காரர்களே திட்டியும் எழுதினார். சேர்க்கைச் சடங்கு என்ற பேரில் நடக்கும் கொடுமையும் அவர்களை விடவில்லை. 1994-இல் மிசௌரியில் ஒரு கறுப்பினக் கழகத்தில் சேரவந்த மாணவர் அடிபட்டே இறந்தார். வெள்ளையர் கழகங்களில் இப்படிப்பட்ட சாவுகள் நிறைய, 2017-இல் பென்சில்வேனியாவில் நடந்தது உலகச் செய்தியானது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் நாவரசு என்ற முதலாமாண்டு மாணவரைச் சீனியர் கொன்றதும், அதன் பிறகு 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் உங்கள் பெற்றோருக்குத் தெரியும். 'அண்ணன்' என்று கூப்பிட வைப்பது வேறு, கைகட்டி நிற்க வைப்பது வேறு. நம் விடுதிகளில் ஒரு சீனியர் ஜூனியரிடம் துணி துவைக்கக் கொடுத்தால், அந்தச் சுவரில் அம்பேத்கர் படம் எதற்கு?

இன்னொன்றையும் கேட்கிறேன். நம் வட்டங்களில் மாணவிகள் எத்தனை பேர்? மாலை ஆறு மணிக்குப் பெண்கள் விடுதியின் கேட் மூடிவிடும், நம் கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும். 2015-இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று, அதாவது கூண்டை உடை என்று இயக்கம் நடத்தியது இந்தப் பூட்டுக்கு எதிராகத்தான். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. படித்த தலித் பெண் விடுதியிலும் மடத்திலும் என்ன பார்த்தாள் என்பதை அது சொல்லி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், நம் மேடையில் பெண்களுக்கு நன்றியுரைதான் கிடைக்கிறது. அதேபோல் அருந்ததியர் மாணவர்கள் எத்தனை பேர்? திண்டிவனம், மயிலம், செஞ்சிப் பக்கத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளை நம்மில் யார் போய்ப் பார்த்தோம்? சொந்தச் சாதிப் பெயரில் வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு அதற்கு அம்பேத்கர் படத்தை முகப்பில் போடுவது இன்னொரு ஃபிரட்டர்னிட்டிதான், கொஞ்சம் ஏழை ஃபிரட்டர்னிட்டி.

'ஃபிரட்டர்னிட்டி' என்ற அதே சொல் நம் அரசமைப்பின் முகப்புரையிலும் இருக்கிறது. நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் அது கிடையாது. அண்ணல் தலைமையிலான வரைவுக் குழுதான் 1948 பிப்ரவரியில் அதைச் சேர்த்தது. கழகத்தார் சொல்லும் சகோதரத்துவம், யார் வெளியே என்று முடிவு செய்த பிறகு உள்ளே இருப்பவர்களிடம் காட்டும் பாசம். அண்ணல் எழுதியது அதற்கு நேர் எதிர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, சாதிகள் மனிதர்களைப் பிரிப்பதால் அவை தேசத்துக்கே எதிரானவை என்றும், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேற்பூச்சாகவே நிற்கும் என்றும் எச்சரித்தார். தன் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று 1954-இல் வானொலியில் சொன்னார். புத்தர் மொழியில் அது மைத்ரி, முன்பின் தெரியாதவரிடமும் காட்டும் நேசம். அதற்கு உறுப்பினர் அட்டை கிடையாது.

ஆகவே இந்தக் கூட்டத்திலிருந்து போகும்போது சில வேலைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் நம் ஒன்றியத்திலிருந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பட்டியல் வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, விழுப்புரம் சட்டக் கல்லூரி, சென்னை, டெல்லி, ஹைதராபாத் எதுவானாலும் அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒருவரின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் பையில் இருக்க வேண்டும். சேர்க்கை நாளில் அப்பா அம்மாவோடு அந்தச் சீனியரும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பேராசிரியரிடம் தைரியமாகப் போகலாம், ரேங்க் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இங்கே ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வாரம் ஒரு மாலை, பெண்கள் விடுதி கேட் மூடுவதற்கு முன்னால், ஒரு புத்தகம். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். அந்த விடுதிகளில் இல்லாத, வேறு சாதியைச் சேர்ந்த மாணவர் யாராவது வந்து வாசலில் நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் புத்தகம் எது என்று என்னிடம் கேட்டால், தோரட் குழு அறிக்கையைத் தமிழில் ஒருவர் சுருக்கிச் சொல்லட்டும் என்பேன். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். யார் செய்கிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து பெயர் கொடுங்கள்.